பவுனம்மா கடைக்குக் காப்புக் கட்டிய கதை

மேலத்தாழையூர் பழைய பஸ் ஸ்டாண்டில் பவுனம்மாவின் டீக்கடை முதன்முதலாக நகர்ந்தது ஒரு கார்த்திகை மாதத்து மத்தியானம், மூன்று மணி வாக்கில், சாயங்காலப் பால் வருவதற்கு முன்னால், டீ மாஸ்டர் யாகப்பன் பெஞ்சில் துண்டை விரித்துக் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், ஒரு சத்தமும் இல்லாமல், சரியாக ஒரு முழம். பாய்லர் கொதித்தது கொதித்தபடி இருந்தது, பாட்டிலில் பிஸ்கட் அடுக்கினது அடுக்கினபடி இருந்தது, ஆணியில் தொங்கிய காலண்டர்கூட ஆடவில்லை. ஓட்டுக் கூரையும் நாலு சுவரும் சிமெண்டுத் தரையும் வாசல்படியும் அதற்கு மேலே கட்டியிருந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் எல்லாமாகச் சேர்ந்து மேற்கே ஒரு முழம் போய் நின்றுகொண்டன. யாகப்பன் எழுந்து முகம் கழுவப் போனபோது குழாய் வழக்கமான இடத்தில் கைக்கு எட்டவில்லை.

"அக்கா, கடை நகந்திருக்கு," என்றான்.

"தெரியும். என் காலு எடத்தை விட்டு நகந்திருச்சே," என்றாள் பவுனம்மா.

அவள் சொன்ன அந்த இடம் எது என்று மேலத்தாழையூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், புருஷன் செத்த மூன்றாம் மாசம், திருப்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்து பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தகரப் பெட்டியும் ஐந்து வயசுப் பிள்ளையுமாக இந்த ஊரில் பஸ் மாற இறங்கியவள் அவள். "இங்கேயே நில்லு சாமி, எங்கயும் நகராதே, அம்மா தண்ணி புடிச்சிட்டு ஓடியாந்துடறேன்" என்று பெட்டிக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திவிட்டுக் குழாயடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது பெட்டி இருந்தது, கதிரேசன் இல்லை. போலீஸ் தேடிற்று, ஊர் தேடிற்று, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஏழு ஊருக்குப் போய்க் கூவிவிட்டு வந்தது. அண்ணன் வந்து கூப்பிட்டான். அவள் போகவில்லை. நிற்கச் சொன்ன இடத்துக்குப் பிள்ளை திரும்பி வந்து பார்த்தால் ஆள் இருக்க வேண்டாமா? பெட்டியைப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள், பிறகு அங்கேயே அடுப்பு மூட்டினாள், பிறகு அங்கேயே சுவர் எழுப்பினாள். டீக்கடையின் முன்பக்கம், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அவள் நாற்காலி கிடந்த அந்த நாலடிச் சதுரம்தான் அந்த இடம். முப்பத்தொரு வருஷமும் அவள் காலை அதிலிருந்து எடுத்தது தூங்குவதற்கும் குளிப்பதற்கும்தான்.

இப்போது கடை அவளை அதிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கொண்டுபோய் வைத்திருந்தது.

மேற்கே என்ன இருக்கிறது? பைபாஸ் ரோடு இருக்கிறது. அந்த ஆடி மாசம் அதைத் திறந்தார்கள், மறுநாளிலிருந்து ஒரு பஸ்ஸும் ஊருக்குள் வரவில்லை. பழக்கடை, பூக்கடை, புரோட்டாக் கடை, செல்போன் கடை என்று ஒவ்வொருத்தராகத் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு பைபாஸுக்குப் போய்த் தகரக் கொட்டகை போட்டுவிட்டார்கள். பவுனம்மாவை எல்லாரும் கூப்பிட்டார்கள். "நல்லா இருங்கப்பா" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். புறாக்களும் அவளும் யாகப்பனும் நாலைந்து சீட்டாடும் கிழவர்களும்தான் பஸ் ஸ்டாண்டில் மிச்சம். அதனால் ஊர்க்காரர்களுக்குக் கடை நகர்ந்ததில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பஸ்ஸே வராத பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை நின்றுகொண்டிருந்ததுதான் அவர்களுக்கு அதுவரைக்கும் ஆச்சரியமாக இருந்தது.

"எல்லாம் நீங்க பண்ணின வேலைதான்," என்றான் யாகப்பன். "தெனம் காலையில மொத டீயை ரோட்டுக்கு ஊத்துனீங்களே, முப்பது வருஷம்! ரோடு அங்க போயிருச்சு. ஊத்தி ஊத்திப் பழகின கடை சும்மா கிடக்குமா, பின்னாடியே கெளம்பிருச்சு."

இருக்கும். வேறு யாரும் இதைவிட நல்ல காரணம் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று மெனக்கெடவும் இல்லை.

இரண்டாம் நாள் இரண்டு முழம், மூன்றாம் நாள் நாலு முழம், அதற்குப் பிறகு நாள் தவறாமல் பத்தடி என்று கடை ஒரு நிதானத்துக்கு வந்துவிட்டது. எப்போதும் மத்தியானம் மூன்று மணிதான், வியாபாரம் படுத்துக் கிடக்கிற நேரமாகப் பார்த்துத்தான். சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு மரியாதையான கடை. ஒரு கிளாஸ் உடையவில்லை, ஒரு சொட்டு டிகாக்‌ஷன் சிந்தவில்லை. வழியில் ஒரு பெட்டை நாய் குட்டி போட்டுக் கிடந்தபோது, குட்டிகள் கண் திறந்து எழுந்து ஓடுகிற வரைக்கும் பன்னிரண்டு நாள் அசையாமல் நின்று, பிறகு போனது. பள்ளிக்கூடச் சுவருக்கும் தையல்காரர் ரபீக் பாய் வீட்டுக்கும் நடுவில் ரோடு குறுகலாக இருந்த இடத்தில், கூட்டத்துக்குள்ளே பொம்பளைகள் சேலையை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி சுவர்களை ஒடுக்கிக்கொண்டு போனது. ரபீக் பாய் வீட்டு வாசலை மூன்று நாள் அடைத்துக்கொண்டது வாஸ்தவம்தான். அந்த மூன்று நாளும் பாய் ஜன்னல் வழியாக ஏறி இறங்கினார், ஜன்னல் வழியாகவே டீ வாங்கிக் குடித்தார், கடை தாண்டிப் போனதும் "என்னமோ வீடே விடிஞ்சாப்ல இருக்கு, ஆனா நல்லா இல்ல" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வயர்மேன் திங்கட்கிழமைதோறும் வந்து எழுபதடி ஒயர் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஒரு ஸ்ட்ராங் டீ குடித்துவிட்டுப் போனார். மூன்றாம் வார்டிலிருந்து நாலாம் வார்டுக்குள் கடை நுழைந்த அன்றைக்கு இரண்டு வார்டு மெம்பர்களும் மாலையோடு வந்து, ஒருத்தர் வழியனுப்பினார், ஒருத்தர் வரவேற்றார், இரண்டு பேருக்கும் கைகலப்பு ஆகாமல் முடிந்தது அந்த மாலைகளுக்கு நல்ல காலம். கல்யாணப் பத்திரிகைகளில் "பவுனம்மா கடைக்கு எதிரில்" என்று அடிக்கிற வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். பத்திரிகை அச்சாகி வருவதற்குள் எதிர்வீடு மாறிவிடுகிறது, மாப்பிள்ளை வீட்டார் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

எல்லாம் இப்படி வேடிக்கையாகத்தான் போயிற்று, பவுனம்மாவுக்குத் தவிர.

அவள் கடையோடு போகவில்லை. கடை முன்னால் போகப் போக, அவள் நாற்காலி கடைக்குள்ளேயே பின்னால் வந்தது. நாற்காலி நகரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், அவள் அதை அந்த நாலடிச் சதுரத்திலேயே தினம் திரும்ப இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் நாள் கல்லாப்பெட்டியை விட்டு விலகினாள், மறுநாள் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள், மூன்றாம் நாள் பாய்லருக்குப் பின்னால் புகையில் கண் சிவக்க உட்கார்ந்திருந்தாள், நாலாம் நாள் பின்சுவர் அவளிடம் வந்தது. சுவர் எப்படி அவளைத் தாண்டியது என்று கேட்காதீர்கள், யாகப்பன் கண் அசந்த நேரத்தில் தாண்டிவிட்டது, எழுந்து பார்த்தால் பவுனம்மா கடைக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தரையில் வெயில் பட்டது. அவள் குனிந்து அதைக் கையால் தடவிப் பார்த்தாள். அன்றைக்கு முழுதும் யாரும் அவளிடம் டீ கேட்கவில்லை.

அப்புறம் அதுவே வாடிக்கையாகிவிட்டது. அதிகாலையில் கடைக்குப் போய் அடுப்பைப் பற்றவைப்பாள், மாவைக் கரைத்துக் கொடுப்பாள், வெயில் ஏறுகிறபோது குடையை எடுத்துக்கொண்டு இடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். பஸ் வராத பஸ் ஸ்டாண்டில் பஸ் வருகிற திக்கைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். ஐம்பதடி, நூறடி, அரை ஃபர்லாங் என்று கடை தூரமாகிக்கொண்டே போயிற்று. யாகப்பன் ஒற்றை ஆளாக டீ ஆற்றி, வடை போட்டு, கிளாஸ் கழுவி, நடுவில் அவளுக்கும் ஒரு டீயை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்து கொடுத்துவிட்டுப் போவான். ஆறிப்போயிருக்கும். "நல்லாருக்குடா" என்று குடிப்பாள்.

ஒரு நாள் அவன் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னான். "அக்கா, இங்க ஒரு போர்டு எழுதி வெச்சுட்டா என்ன? கதிரேசா, அம்மா மேற்கே இருக்கேன், நேரா வான்னு. நீங்க இப்படி வெயில்ல காயவேண்டாமே."

பவுனம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "போர்டு வெச்சா எப்படிடா படிப்பான்? அவனுக்கு அனா ஆவன்னா மட்டும்தானே தெரியும்?"

பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்கள் நாலு பேரும் கையில் பிடித்த சீட்டைப் பார்த்தபடியே இருந்தார்கள். யாகப்பன் காலி கிளாஸை வாங்கிக்கொண்டு கடைப்பக்கம் நடந்தான், பள்ளிக்கூடத்தைத் தாண்டுகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாசி கடைசியில்தான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊர் எல்லைக்கல் வரைக்கும் ரோடு நேர்கோடு, அங்கே நின்று பார்த்தால் எவ்வளவு தூரத்திலும் கடை தெரியும். பிள்ளை வந்து நின்று மேற்கே திரும்பினால் கடை கண்ணில் படும். எல்லைக்கல்லைத் தாண்டினதும் ரோடு வளைகிறது, அதற்கப்புறம் புளியந்தோப்பு, அதற்கப்புறம் பைபாஸ். எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டால் கடை மறைந்துவிடும். அந்தக் கல்லுக்கும் கடைக்கும் நடுவில் பத்து நாள் தூரம்தான் பாக்கி.

அன்றைக்கு அவள் நேராக எல்லைக்காளியம்மன் கோயிலுக்குப் போனாள். பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்ட நாள் குறித்துக்கொண்டிருந்த பூசாரி சங்கையாவின் முன்னால் போய் நின்றாள்.

"பூசாரியய்யா, இந்த வருஷம் என் கடைக்குக் காப்புக் கட்டணும்."

காப்புக் கட்டினால் என்ன என்பது இந்தப் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மஞ்சள் துணியில் வேப்பிலை வைத்துக் கட்டிவிட்டால், திருவிழா முடிந்து அவிழ்க்கிற வரைக்கும் அந்த ஆள் ஊர் எல்லையைத் தாண்டி இராத்தங்கக் கூடாது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் துக்கம் என்றால்கூடப் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். அம்மனுக்குப் பயந்து இன்றுவரை ஒருத்தரும் மீறினதில்லை.

"மனுசங்களுக்குத்தான் தாயி காப்பு," என்றார் சங்கையா. "ஆடுமாட்டுக்கே கட்டுறதில்ல. கடைக்கு எப்படிக் கட்ட?"

"ஊரைவிட்டுப் போறது எதுவோ அதுக்குத்தானேய்யா காப்பு? ஆடுமாடு போகுதா? இது போகுதே."

சங்கையா தாடியைச் சொறிந்துகொண்டார். "விரதம் இருக்கணும். பதினஞ்சு நாள். கவுச்சி ஆகாது."

"இருக்கும்."

"ஆம்லேட்டு?"

"போடமாட்டோம்."

"முட்டை போண்டா?"

"அதுவும் இல்ல."

ஊர்க்கூட்டத்தில் இதை வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கடை விரதம் இருப்பது சரி, மாஸ்டர் வேதக்காரர் ஆச்சே என்று ஒருத்தர் இழுத்தார். "எனக்கும் இப்ப தவக்காலம்தான்யா, நானும் கவுச்சி தொடுறதில்ல, உங்க ஆத்தாளும் எங்க மாதாவும் பேசிக்கட்டும்" என்று யாகப்பன் போட்ட போட்டில் கூட்டம் கலைந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் மேளத்தோடு வந்தார்கள். சங்கையா மந்திரித்துக் கொடுத்தார். வாசலின் வலதுபக்க நிலைக்காலில் பவுனம்மா தன் கையாலேயே கட்டினாள். மூன்று முடிச்சு.

"ஞாபகம் வெச்சுக்க தாயி," என்றார் சங்கையா, "கட்டின கைதான் அவுக்கணும். நான்கூடத் தொடமாட்டேன்."

எல்லைக்கல்லுக்கு இரண்டு விரல்கடை இருக்கிறபோது கடை நின்றது. மறுநாள் மூன்று மணிக்கும் நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது. பவுனம்மா தன் பழைய இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேற்கே தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்த கடையைப் பார்த்துக்கொண்டே அந்தப் பதினைந்து நாளையும் நிம்மதியாகக் கழித்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது என்று ரபீக் பாய்கூடச் சொன்னார். இவ்வளவு நல்லா யோசிச்சிருக்காளே என்று ஊரும் மெச்சிக்கொண்டது. நல்ல யோசனை ஒன்றும் இல்லை அது, பாவம், அது அவளுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது.

திருவிழா முடிந்தது. மஞ்சள் நீராட்டு அன்றைக்கு ஊரே ஒருத்தர்மேல் ஒருத்தர் மஞ்சள் தண்ணீரைக் கொட்டிக் கூத்தடித்துவிட்டுக் கோயில் வாசலில் வரிசையாக நின்று காப்பை அவிழ்த்துப் போட்டது. கடையின் காப்பு மட்டும் நிலைக்காலிலேயே இருந்தது. "அவுத்துரு தாயி" என்று சங்கையா வந்து சொன்னார். "அவுக்கிறேன்யா" என்றாள். சித்திரை பிறந்தது. அவள் அவிழ்க்கவில்லை.

கடை என்ன செய்யும்? காப்பை மீறிப் போகத் துணிவில்லாமல், போகாமல் இருக்கவும் முடியாமல், கயிற்றை இழுத்துக்கொண்டே நிற்கிற மாடு மாதிரி நின்றது. தினம் மூன்று மணியானால் அலமாரியில் இருக்கிற கிளாஸ்கள் எல்லாம் கிடுகிடுவென்று நடுங்கும். பால் பொங்குவதற்கு முன்னாலேயே திரியும். அடுப்பில் தீ நேராக எரியாது, மேற்குப் பக்கமாகவே சாய்ந்து எரியும், யாகப்பன் கை மயிரெல்லாம் பொசுங்கிப் போயிற்று. பின்சுவரில் மயிரிழை மாதிரி ஆரம்பித்த விரிசல் ஒரு வாரத்தில் விரல் நுழைகிற அளவுக்கும், இரண்டு வாரத்தில் கை நுழைகிற அளவுக்கும் ஆனது. ஓடுகள் தினம் ஒன்றாகச் சரிந்து விழுந்தன. வருகிறவர்கள் குறைந்தார்கள், வந்த இரண்டொருத்தரும் உள்ளே உட்காரப் பயந்து வெளியிலேயே நின்று குடித்தார்கள். கடை முனகுகிற முனகலைக் கேட்கச் சகிக்காமல் நாலாம் வார்டுக்காரர்கள் மத்தியானமானால் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் மூன்று மணிக்கு நிலைக்கு மேலே இருந்த கல் பிளந்து, யாகப்பன் காலடியில் வந்து விழுந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் அவன் தலை இருந்திருக்காது. அவன் அப்படியே கரண்டியைப் போட்டுவிட்டு, ஈரத் துண்டோடு, வெயிலில் அவ்வளவு தூரமும் விறுவிறுவென்று நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். அவள் நாற்காலிக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றான்.

"அக்கா, அவுத்துருங்க. அது செத்துப்போயிரும்க்கா."

"போகட்டும்."

"நான் எங்கக்கா போறது? பைபாஸ்ல மூணு கடைக்காரன் கூப்பிட்டான். உங்களை விட்டுட்டுப் போக மனசு வரல."

"போடா. நான் புடிச்சா வெச்சிருக்கேன்?" என்றாள். பிறகு குரல் இறங்கிப்போயிற்று. "அவன் வருவான்டா யாகப்பா. வந்து நிப்பான். நான் இல்லேன்னா பயந்துருவான்."

யாகப்பன் இருபத்திரண்டு வருஷமாக வாயில் வைத்து அடக்கிக்கொண்டிருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது. அவன் சொல்ல வேண்டும் என்று வரவில்லை, சத்தியமாகச் சொல்ல வேண்டும் என்று வரவில்லை.

"வந்தா உங்களுக்கு அடையாளம் தெரியுமாக்கா?"

"என்னடா கேக்குற? பெத்தவளுக்குத் தெரியாதா?"

"பஸ்ஸு வந்து நிக்கிறப்பல்லாம் உங்க கண்ணையே பாத்திருக்கேன். எறங்குற ஆளுக மூஞ்சிய நீங்க பாத்ததே இல்ல. இடுப்புக்குக் கீழதான் பாப்பீங்க. ஒரு பெஞ்சு ஒசரத்துலதான் தேடுவீங்க. அவனுக்கு இப்ப முப்பத்தாறு வயசுக்கா! மீசை இருக்கும், பொண்டாட்டி புள்ள இருக்கும், தலை நரைக்க ஆரம்பிச்சிருக்கும். அவன் வந்திருந்தா? நம்ம கடைக்கே வந்து, ஒரு டீயக் குடிச்சிட்டு, ஏதோ ஒரு ஊருன்னு பஸ் ஏறிப் போயிருந்தா? நான் ஆத்திக் குடுத்த டீயாவே இருந்திருந்தா நான் என்னக்கா பண்ணுவேன்?"

சொல்லிவிட்டு ஈரத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதான். பவுனம்மா அவனைத் திட்டவில்லை. "போயி கடையப் பாரு, போ" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவள் கடைக்குப் போகவில்லை. விடிந்ததும் நேராக இடத்துக்கு வந்தாள், நாற்காலியை ஓரமாக எடுத்து வைத்தாள், அந்த நாலடிச் சதுரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு பிள்ளையை வளர்க்க ஆரம்பித்தாள். ஐந்து வயசில் நின்றவனுக்கு ஆறு வயசாக்கி, முன்பல் இரண்டும் விழவைத்து, அவன் ஓட்டைப் பல்லோடு சிரிப்பதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அழுதாள். ஏழு வயசில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள், சிலேட்டை உடைத்துக்கொண்டு வந்தான், முதுகில் ஒன்று போட்டாள், போட்ட கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பத்து வயசில் அவனுக்கு அம்மை வார்த்தது, வேப்பிலையால் வருடிவிட்டுப் பக்கத்திலேயே கிடந்தாள். பன்னிரண்டில் போட்ட சட்டையெல்லாம் சின்னதாகிப் போயிற்று, பதினாலில் குரல் உடைந்தது, அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை, புருஷன் குரலைக் கொடுத்துப் பார்த்தாள், தன் அண்ணன் குரலைக் கொடுத்துப் பார்த்தாள், ஒன்றும் சேரவில்லை, சரி, பேசாமலே வளரட்டும் என்று விட்டாள். பதினேழில் மீசை அரும்பியது, பத்தொன்பதில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனான், இருபத்திரண்டில் முதல் சம்பளத்தில் அவளுக்குச் சேலை எடுத்து வந்தான், இருபத்தாறில் மாலையும் கழுத்துமாக நின்றான், முப்பதில் அவன் தோளில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது, அதற்கு ஐந்து வயசான நாளில் அவளால் அந்தப் பிள்ளையைப் பார்க்க முடியவில்லை. ஒரு வருஷத்தையும் அவள் தாண்டவில்லை, ஒரு தீபாவளியையும் விடவில்லை, முப்பத்தொரு வருஷத்தையும் ஒரே பகலில், நின்ற இடத்தில், சோறு தண்ணி இல்லாமல் வளர்த்து முடித்தாள். சீட்டாடுகிற கிழவர்கள் அன்றைக்குச் சீட்டைத் தொடவில்லை. அந்தச் சதுரத்தில் விழுந்த நிழல் காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போனதை அவர்களும் பார்த்தார்கள்.

சாயங்காலம் நாலரை மணிக்கு வேலை முடிந்தது. அவளைவிட ஒரு தலை உயரமாக, தோள் அகன்ற ஒரு ஆம்பளை அவள் முன்னால் நின்றான். பவுனம்மா தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். யாரோ ஒருவன் முகம். பஸ்ஸிலிருந்து இறங்குகிற எந்த ஆளுக்கும் இருக்கிற முகம். அவனும் அவளைப் பார்த்தான், தெரியாதவர்களைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, வழி விடுவது போலக் கொஞ்சம் ஒதுங்கி, அவளைத் தாண்டி நடந்து போய்விட்டான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப் போகிறது?

கடைக்கு வந்தபோது யாகப்பன் உதிர்ந்த ஓடுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் நேராக நிலைக்காலுக்குப் போய் முடிச்சில் கையை வைத்தாள். மஞ்சள் காய்ந்து முடிச்சு கல்லாக இறுகிப் போயிருந்தது. நகம் பிய்ந்தது. யாகப்பன் கத்தியை எடுத்து நீட்டினான், தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். முதல் முடிச்சு அவிழ்ந்தது, இரண்டாவது அவிழ்ந்தது, மூன்றாவதை அவிழ்க்கிறபோது அவள் வாய்விட்டு அழுத அழுகையை நாலாம் வார்டு முழுக்கக் கேட்டது, யாரும் ரேடியோ வைக்கவில்லை, வீட்டு வாசல்களில் வந்து நின்று பொம்பளைகள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள்.

கடை மூன்று மணிக்குக் காத்திருக்கவில்லை. அந்த நிமிஷமே கிளம்பியது. எல்லைக்கல்லைத் தாண்டியது, வளைவில் திரும்பியது, புளியந்தோப்பை ஒட்டி மெதுவாகப் போயிற்று. நடக்க நடக்க அதன் விரிசல் மூடிக்கொண்டு வந்தது. உள்ளே கிளாஸ்கள் அசையாமல் இருந்தன. பவுனம்மா அதன் பின்னாலேயே வெறுங்காலோடு நடந்தாள், அவளுக்குப் பின்னால் யாகப்பன் ஓடுகளைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். இருட்டுவதற்குள் பைபாஸில் பழக்கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே ஏற்கெனவே தனக்கென்று விட்டுவைத்திருந்த மாதிரி இருந்த ஒரு காலி இடத்தில் கடை போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் திங்கட்கிழமை. வயர்மேன் ஒயரோடு வந்து, "இனிமே சேக்க வேண்டாம்ல?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றாள்.

பைபாஸில் அரைமணிக்கு ஆறு பஸ். ஒவ்வொன்றும் பத்து நிமிஷம் நிற்கும். திபுதிபுவென்று இறங்குவார்கள், திபுதிபுவென்று ஏறுவார்கள். அன்று காலை முதல் பஸ் வந்து நின்றபோது பவுனம்மா கல்லாவில் உட்காரவில்லை, யாகப்பன் ஆற்றிக் கொடுத்த டீயைத் தானே கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்து நின்றாள். கட்டம்போட்ட சட்டை போட்ட ஒருத்தன் இறங்கி வந்தான். முப்பத்தைந்து நாற்பது இருக்கும். அவள் கழுத்தை நிமிர்த்தி, அவன் நெற்றியை, புருவத்தை, மூக்கை, மீசைக்கு மேலே இருந்த ஒரு வெட்டுக்காயத் தழும்பை, காது மடலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"என்னம்மா அப்படிப் பாக்குறீங்க?" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

"ஒண்ணுமில்லப்பா. சர்க்கரை போதுமா?"

"போதும்மா."

அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். காலி கிளாஸை வாங்கிக்கொண்டாள். கண்டக்டர் விசில் ஊதினார், அவன் ஓடிப் போய் ஏறிக்கொண்டான், பஸ் கிளம்பிற்று. அதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது. பவுனம்மா யாகப்பனிடமிருந்து அடுத்த டீயை வாங்கிக்கொண்டு, இறங்கி வருகிற அடுத்த ஆளின் முகத்தைப் பார்க்க நிமிர்ந்தாள்.